பின்னங்கால் இருக்கட்டும், முன்னங்காலைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி புரூனோவுக்கு ஆறு மாதம் ஆகிறது, எடை 29 கிலோ. ஒரு காது இன்னும் நிமிரவில்லை. பின்னங்கால்களை ஒரு பக்கமாகச் சரித்துப் போட்டு உட்காருகிறான். வேகமாக ஓடினால் இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல் மாதிரித் தாவுகிறான். மூன்று வாரமாகத் தூங்கி எழுந்ததும் இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். பத்தடி நடந்தால் சரியாகிவிடுகிறது. இணையத்தில் தேடினால் எல்லாம் ஹிப் டிஸ்ப்ளேசியா, அதாவது இடுப்பு மூட்டுக் கோளாறு என்றே வருகிறது. அதனால் குட்டிகளுக்கான பாக்கெட் உணவோடு கால்சியம் சிரப்பும் காலை, மாலை கொடுக்கிறோம். வலி அதிகமானால் நாங்கள் போடும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? இதற்கு முன் வளர்த்த ஷெப்பர்ட் ஒன்பது வயதில் பின்னங்கால்களை இழுத்து இழுத்து, நகமெல்லாம் தேய்ந்து, கடைசியில் ஊசி போட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. இவனுக்கும் அதுதான் ஆரம்பிக்கிறதா?

பதில்: இல்லை. பழைய நாய்க்கு வந்தது இவனுக்கு ஆரம்பிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காது, உட்காரும் விதம், சிரப் என்று நீங்கள் எழுதியிருக்கும் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பயம்தான் இருக்கிறது.

இடுப்பு மூட்டு கெட்ட நாய்க்கு வலிக்கும். எழுந்திருக்கச் சிரமப்படும், படி ஏறத் தயங்கும், தொடைத் தசை வற்றும். ஆனால் பாதம் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். நகம் தேய்கிற அளவுக்குக் காலை இழுக்கிற நாய்க்கு அது தெரியவில்லை என்று அர்த்தம். கோளாறு மூட்டில் இல்லை, தண்டுவடத்தில். முதுகெலும்பு வட்டு நகர்ந்து அழுத்தியிருக்கலாம். வயதான ஷெப்பர்ட் என்பதால் டீஜெனரேடிவ் மைலோபதியாகவும் இருந்திருக்கலாம். தண்டுவடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய் அது. வலி இருக்காது, பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2009இல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அது வந்து சேர வேண்டும். அப்படிச் சேர்ந்த நாய்களிலும் எல்லாவற்றுக்கும் நோய் வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள். அவசரமே இல்லை. அந்த நாய்க்கும் இவனுக்கும் ரத்த உறவு இல்லையென்றால், ஒரே வீட்டில் வளர்ந்த பாவத்துக்காக அந்த நோய் இவனைத் தேடி வராது.

சரி, இடுப்பு. ஹிப் டிஸ்ப்ளேசியா பெரிய இனங்களில் சகஜம்தான், மறுக்கவில்லை. குட்டி பிறக்கும்போது மூட்டு நன்றாகத்தான் இருக்கும். வளர வளர, தொடை எலும்பின் உருண்டை கிண்ணத்துக்குள் இறுக்கமாக உட்காராமல் ஆடத் தொடங்கும். ஆட ஆடக் கிண்ணம் ஆழமாகாமல் தட்டையாகிவிடும். இதைத் தீர்மானிப்பது ஒரு மரபணு அல்ல, பல. அதனால்தான் நல்ல இடுப்புள்ள பெற்றோருக்கும் சில சமயம் கெட்ட இடுப்போடு குட்டி பிறக்கிறது. சரிந்து உட்காருவதும் முயல் தாவலும் சந்தேகப்பட இடம் தருகின்றன. அதற்கு மேல் அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உடம்பு வளர்ந்த வேகத்துக்குத் தசை வளராத குட்டிகள் பலவும் அப்படித்தான் உட்காரும். எக்ஸ்ரேயில் மோசமான இடுப்போடு பத்து வயது வரை பந்து விரட்டிய நாய்களை நானே பார்த்திருக்கிறேன். படம் நடப்பதில்லை, நாய்தான் நடக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு வரி. "மூன்று வாரமாகத் தூங்கி எழுந்ததும் இடது முன்னங்காலை." நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுப் பின்னங்காலுக்குத் திரும்பிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். வளரும் பெரிய இனக் குட்டி ஒரே முன்னங்காலை இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கினால், முழங்கை மூட்டுதான் காரணம் என்று வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அது இல்லை என்று படம் சொல்லட்டும், அப்புறம் மற்றதைத் தேடலாம்.

எல்போ டிஸ்ப்ளேசியா என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. முழங்கையில் மூன்று எலும்புகள் சேர்ந்து ஒரு கீல் மாதிரி வேலை செய்கின்றன. அவற்றின் வளர்ச்சி ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்காவிட்டால் ஏதோ ஒரு முனையில் பாரம் கூடி அந்த இடம் கெடுகிறது. சில குட்டிகளில் மூட்டின் உட்பக்கத்தில் கரோனாய்டு என்ற சின்ன எலும்பு முனை விரிசல் விட்டுத் துண்டாகிவிடும். லாப்ரடார், ராட்வீலரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். சிலவற்றில் குருத்தெலும்பு உரிந்துகொள்ளும். ஷெப்பர்டுக்கென்றே பேர்போனது இன்னொன்று: முழங்கையின் பின்பக்கம் கொக்கி போல இருக்கும் அன்கோனியல் முனை, தன் எலும்போடு ஒட்டாமலே நின்றுவிடும். சாதாரணமாக அது 20 வாரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும். புரூனோவுக்கு ஆறு மாதம், அதாவது 26 வாரம். இப்போது எக்ஸ்ரே எடுத்து அங்கே ஒரு கோடு தெரிந்தால் "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று சொல்ல இடமில்லை. கண்டுபிடிக்கச் சரியான வயதில் அவன் இருக்கிறான்.

வீட்டிலேயே ஒரு காரியம் செய்யலாம். சமதளத்தில், வழுக்காத தரையில், அவன் தூங்கி எழுந்ததும் முதல் பத்தடியை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போனில் படம் பிடியுங்கள். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். காலைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். அடுத்து, நிற்கும்போது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா, முழங்கை உடம்போடு ஒட்டாமல் தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இரண்டு முழங்கையும் சமமாக வலித்தால் குட்டி நொண்டவே நொண்டாது. அடி சின்னதாக வைக்கும், சீக்கிரம் உட்கார்ந்துவிடும், "இவன் சோம்பேறி" என்று வீட்டில் பேர் வாங்கும். அவ்வளவுதான் தெரியும். மூட்டை மடக்கி, முறுக்கிப் பார்க்கும் வேலையை மட்டும் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், ஒரு ராட்வீலர் நினைவுக்கு வருகிறது. ஐந்து மாதத்தில் நொண்ட ஆரம்பித்த குட்டி, என்னிடம் வந்தபோது பதினான்கு மாதம். இடையில் கால்சியம், தைலம், நீவுதல் எல்லாம் நடந்திருந்தது. நீவிய இடம் தோள். முடி அங்கே எண்ணெய் பிசுபிசுப்போடு படிந்திருந்தது. நோய் இருந்தது ஒரு சாண் கீழே, முழங்கையில். கையை வைத்தால் மூட்டு உருண்டு தடித்திருந்தது, மடக்கினால் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் ஓரமெல்லாம் புது எலும்பு முளைத்திருந்தது. முனை ஒட்டாததற்கு ஐந்தாறு மாத வயதில் அறுவை சிகிச்சை செய்ய முடியும். சில குட்டிகளில் முனை ஒட்ட வேண்டிய அந்த எலும்பையே கீழே வெட்டி மூட்டின் அழுத்தத்தைக் குறைத்து, முனையைத் திருகாணியால் பிடித்துவைப்பார்கள். கரோனாய்டு துண்டை ஆர்த்ரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை மூட்டுக்குள் விட்டு எடுப்பார்கள். தேய்மானம் வேரூன்றிவிட்ட மூட்டில் இவற்றால் பெரிய பலன் இல்லை. எடையையும் வலியையும் கட்டுக்குள் வைப்பது மட்டுமே மிஞ்சும். அந்த நாய் இன்றும் நடக்கிறது, ஆனால் ஓடுவதில்லை.

இது முழங்கையாக இல்லாமலும் போகலாம். ஷெப்பர்ட் குட்டிகளுக்கு பானோஸ்டைடிஸ் என்று ஒன்று வரும். வளரும் குட்டிகளின் நீள எலும்புகளில் வருகிற வலி, ஐந்து மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள். அதன் அடையாளமே கால் மாறுவதுதான்: இந்த வாரம் இடது முன்னங்கால், அடுத்த வாரம் வலது, அப்புறம் ஒரு பின்னங்கால். தானாகவே போய்விடும். உங்கள் கடிதத்தில் கால் மாறவில்லை. மூன்று வாரமும் இடதுதான். ஓய்வுக்குப் பின் விறைப்பு, நடந்தால் இளகுவது: இது மூட்டு பேசும் மொழி. பத்தடியில் சரியாகிவிடுகிறது என்பதைத் தயவுசெய்து நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆக, இந்த வாரமே போங்கள். எலும்பு மூட்டுகளில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவராக இருந்தால் நல்லது. லேசாக மயக்கம் கொடுத்து இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், நன்றாக மடக்கிய நிலையில் ஒரு படம் கட்டாயம். நீட்டிய படத்தில் அந்த அன்கோனியல் முனை சரியாகத் தெரியாது. கரோனாய்டு துண்டு எக்ஸ்ரேக்குச் சிக்காமல் போவதுண்டு, அதனால் "படம் நார்மல்" என்று சொல்லியும் நொண்டல் நீடித்தால் சி.டி. ஸ்கேன் கேளுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே இடுப்பையும் கையால் சோதித்துப் படமும் எடுத்துவிடலாம். தசை தளர்ந்திருக்கும் அப்போதுதான் மூட்டு எவ்வளவு ஆடுகிறது என்பது சரியாகத் தெரியும். ஒருவேளை இடுப்பும் தளர்வாக இருந்தால், தேய்மானம் தொடங்காத இந்த வயதில் கிண்ணத்தைத் திருப்பிவைக்கும் அறுவை சிகிச்சைக்குக்கூட இன்னும் நேரம் இருக்கிறது. பெரும்பாலான குட்டிகளுக்கு அதுவரை போக வேண்டியிருக்காது.

இனி அந்த சிரப். இன்றே நிறுத்துங்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவையெல்லாம் இல்லை. வளர்ந்த நாயின் குடல் வேண்டாத கால்சியத்தை உள்ளே விடாது. குட்டியின் குடலுக்கு, அதுவும் முதல் ஆறு மாதத்தில், அந்தக் கட்டுப்பாடு சரியாக வருவதில்லை. கொடுத்ததில் பெரும் பகுதி ரத்தத்துக்குப் போய்விடும். கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலையே தடுமாறியது, முன்னங்கால்கள் வளைந்தன. மூட்டைக் காப்பாற்ற நீங்கள் ஊற்றியது மூட்டைக் கெடுக்கக்கூடியது. குட்டிகளுக்கான பாக்கெட் உணவில் தேவையான கால்சியம் ஏற்கெனவே அளந்து போட்டிருக்கிறது. வெறும் இறைச்சியை மட்டுமே தின்று வளரும் குட்டியின் கதை வேறு, அதற்குக் குறைபாடு நிச்சயம். ஆனால் நீங்கள் அப்படி வளர்க்கவில்லை. பெரிய எலும்பு என்றால் நிறைய கால்சியம் என்று கணக்குப் போடும் வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலைவலி வருகிறது.

தலைவலிக்கு நான் மாத்திரை போடுவேன். புரூனோவுக்கு அந்த மாத்திரை வேண்டாம். பாதி இல்லை, கால் மாத்திரைகூட வேண்டாம். ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தை அடிக்கும். பாராசிட்டமால் கல்லீரலை. நாய்களுக்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன, தேவைப்பட்டால் பரிசோதித்த பிறகு மருத்துவர் எழுதித் தருவார். அதற்கு முன் எதையாவது கொடுத்து நொண்டலை மறைத்துவிட்டால், மேசைக்கு வரும்போது அவன் ஜம்மென்று நடப்பான், நான் எதைப் பார்ப்பது?

உண்மையிலேயே உங்கள் கையில் இருப்பது அவன் எடை. ஆறு மாதத்தில் 29 கிலோ எனக்கு அதிகமாகப் படுகிறது. தராசை விடுங்கள், விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். உங்கள் கையைக் கவிழ்த்து வைத்து, மறு கை விரலால் புறங்கையின் முட்டுகளைத் தடவினால் எப்படி எலும்பு தட்டுப்படுகிறதோ, அப்படி விலா தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் குண்டு. 48 லாப்ரடார் குட்டிகளை உடன்பிறந்த ஜோடிகளாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு இருக்கிறது, முடிவுகள் 2002இல் வந்தன. குறைவாகத் தின்றவற்றுக்கு இடுப்புக் கோளாறும் மூட்டுத் தேய்மானமும் குறைவு. அதோடு அவை ஏறக்குறைய 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. எந்த சிரப்பும் இதில் பாதியைக்கூடச் செய்ததில்லை. அதனால் உணவைக் கண்ணளவில் போடாமல் எடை போட்டுப் போடுங்கள். பயிற்சிக்குக் கொடுக்கும் தின்பண்டத்தையும் அந்தக் கணக்கிலேயே கழியுங்கள். எக்ஸ்ரே முடியும்வரை வண்டியோடு ஓடவிடுவது, பந்தை எம்பிப் பிடிக்கவைப்பது எல்லாம் நிற்கட்டும். சங்கிலியில் கட்டிச் சின்னச் சின்ன நடையாகக் கூட்டிப் போங்கள்.

காதா? பல் விழுந்து முளைக்கும் மாதங்களில் ஷெப்பர்டின் காது ஏறும், இறங்கும், ஒன்று மட்டும் நிற்கும். அது குருத்தெலும்பு, சிரப்புக்கு நிமிராது. நிமிராமலே போனாலும் அவனுக்கு நன்றாகவே கேட்கும்.

மருத்துவரிடம் போகிற நாள் காலையில் வெறும் வயிறாக வரச் சொல்வார்கள், மயக்கத்துக்காக. போனில் பிடித்த படத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். மருத்துவமனை வாசலை மிதித்ததும் பயத்தில் நொண்டலை மறந்துவிடும் நாய்கள் நிறைய.