பாட்டு ஓடினால் அப்பா அழுகிறார், டிவியை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. அரசுப் பேருந்தில் 29 வருடம் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து மாதத்துக்கு முன்பு ஸ்ட்ரோக் வந்தது. நடை ஓரளவு திரும்பிவிட்டது. வலது கையில் இன்னும் பலமில்லை, பேசும்போது வார்த்தை கிடைக்காமல் திணறுகிறார். இதையெல்லாம் விட எங்களைக் கலங்கடிப்பது அவருடைய அழுகைதான். பாட்டி இறந்தபோதுகூட அழாத மனிதர். இப்போது டிவியில் ஒரு பழைய பாட்டு ஓடினால் போதும், கூடவே பாடுகிறார், பாடிக்கொண்டே விம்மி விம்மி அழுகிறார். சிறுவர் பாட்டுப் போட்டியில் யாரோ ஒரு குழந்தை பரிசு வாங்கினால் அழுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை ‘பாசமலர்’ போட்டார்கள், பாதிப் படத்தில் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். என் பையன் தமிழ்ப் பாடப்புத்தகத்தை வாசித்துக் காட்டினால், கதையில் ஒருவர் இன்னொருவருக்கு நல்லது செய்யும் இடத்திலேயே கண் நிறைந்துவிடுகிறது. அண்ணன், “என்னப்பா சின்னப் பிள்ளை மாதிரி” என்று அதட்டுகிறான். அழுதால் பிரஷர் ஏறி மறுபடி ஸ்ட்ரோக் வந்துவிடும் என்று அம்மா ரிமோட்டை ஒளித்து வைத்துவிட்டார். இது மனநோயா? டிவியை நிறுத்தியது சரிதானா? நானும் படம் பார்த்தால் அழுகிறவள்தான், எனக்கும் பிற்காலத்தில் இப்படி ஆகுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: டிவியை நிறுத்த வேண்டாம். பாட்டை நிறுத்தவே வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் புரிய வேண்டும், முக்கியமாக அப்பாவுக்கு.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது மனநோய் மாதிரி தெரியவில்லை. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, முதல் ஆறு மாதத்துக்குள், அழுகை இப்படிச் சட்டென்று வருவதும் வந்தால் அடக்க முடியாமல் போவதும் உண்டு. டாக்டர்களுக்கு இது பழகிய விஷயம். 1872-ல் சார்லஸ் டார்வின், மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றி எழுதிய புத்தகத்திலேயே, பக்கவாதம் போன்ற சில மூளை நோய்கள் அழுகையைத் தூண்டும் என்று குறித்து வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு 150 வருடம் போய்விட்டது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மாத்திரை, பிசியோதெரபி, உப்பைக் குறைப்பது எல்லாம் சொல்லி அனுப்புகிறோம், இதை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் அண்ணன் அப்பாவை அதட்டியிருக்க மாட்டார்.

அழுகையைக் கிளப்பிவிடும் இயந்திரம் மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. முகத்தசை சுருங்குவது, தொண்டை அடைப்பது, மூச்சு விம்முவது, கண்ணீர் சுரப்பது எல்லாவற்றையும் அதுதான் ஒன்றாகச் சேர்த்து நடத்துகிறது. இடம் பொருள் பார்த்து அதைப் பிடித்து வைப்பது மூளையின் முன்பகுதி. அங்கிருந்து கீழே இறங்கும் நரம்புப் பாதை ஸ்ட்ரோக்கில் அடிபட்டால் பிடி தளர்ந்துவிடுகிறது. அப்பா வண்டி ஓட்டியவர், அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “என்ஜின்ல ஒரு கோளாறும் இல்லப்பா, பிரேக்தான் லூசாகியிருக்கு. அதான் சின்ன இறக்கத்துலயே வண்டி உருண்டுடுது.” அவருக்குச் சட்டென்று பிடிபடும். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பவருக்கு இந்த விளக்கமே பாதி மருந்து.

இதில் இன்னொரு வகையும் உண்டு. மனதில் ஒரு துக்கமும் இல்லாமலே அழுகை வரும், சிரிக்க வேண்டிய இடத்தில் அழுகையும் அழ வேண்டிய இடத்தில் சிரிப்புமாக மாறி வரும். ஸ்ட்ரோக் மட்டுமல்ல, நரம்பு மண்டலத்தின் வேறு சில நோய்களிலும் அதைப் பார்க்கிறோம். அப்பாவுக்கு வருவது அப்படித் தெரியவில்லை. அண்ணன் தங்கை பாசத்துக்கு அழுகிறார், ஒரு குழந்தை ஜெயித்தால் அழுகிறார், கதையில் ஒருவர் நல்லது செய்தால் அழுகிறார். எல்லாம் மனிதர்கள் நெகிழும் இடங்கள்தான். முன்பு நெஞ்சுக்குள்ளேயே அடங்கிப்போனது இப்போது வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். என்னிடம் வந்த ஒரு பெரியவர், “சாப்பிட்டீங்களா ஐயா” என்று கேட்டாலே அழுதுவிடுவார். கடுமையாகப் பேசினால் வராது, பரிவாகப் பேசினால்தான் வரும். ஸ்ட்ரோக் நோயாளிகள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் நரம்பின் மேல் போட்டுவிடவும் எனக்கு மனமில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை நான்கு காரணத்தால் வரும் என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறர் நம்மை இழிவாக நடத்துவது. இழவு, இழப்பு. அசைவு என்பதற்கு, முன்பு இருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துவது என்று உரை சொல்வார்கள். 29 வருடம் பேருந்து ஓட்டிய கை, இன்று சட்டைப் பித்தானைப் போட முடியாமல் நடுங்குகிறது. அசைவுக்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம். அதட்டினால் இளிவும் அதோடு சேர்ந்துகொள்ளும். பாதிப் படத்தில் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். அழுகையை விட அழுவதற்குக் கூச்சப்படுவதுதான் அவரை அதிகம் வாட்டுகிறது.

மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். ஸ்ட்ரோக் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது, இரண்டும் சேர்ந்தும் வரலாம். டிவி ஓடாத நேரத்தில் அப்பா எப்படி இருக்கிறார் என்று கவனியுங்கள். பாட்டு முடிந்து இரண்டு நிமிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி கேட்கிறார், பேரனோடு விளையாடுகிறார் என்றால் பயமில்லை. நாள் முழுக்க முகம் வாடியே இருக்கிறது, பசியில்லை, விடியற்காலையிலேயே விழித்துக்கொள்கிறார், பிசியோதெரபி வேண்டாம் என்கிறார், பிடித்த எதிலும் நாட்டமில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை தேவை. அவருக்கு வார்த்தை சிக்குவதால் “மனசு எப்படி இருக்கு” என்று கேட்டால் பதில் வராது. தலையாட்டிச் சொல்லும்படி கேளுங்கள், அல்லது சிரித்த முகம், வாடிய முகம் என்று நாலைந்து படம் வரைந்து கொடுத்துத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். “நான் பாரமாயிட்டேன்”, “போய்ச் சேர்ந்துடலாம்” என்பது போன்ற பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். பேசத் திணறுகிறவர் கூடவே பாடுகிறார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே நல்ல சேதி அதுதான். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடது பக்கம். வலது கை பலமிழந்திருப்பதால் அப்பாவுக்கு அடிபட்டதும் அந்தப் பக்கம்தான். பாட்டுக்கு வலது பக்கமும் கைகொடுக்கிறது. அதனால்தான் “தண்ணி” என்று கேட்க முடியாதவர் ஒரு பல்லவியை முழுதாகப் பாடிவிடுகிறார். இதையே பிடித்துக்கொண்டு, ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லிப் பேச்சை மீட்கும் பயிற்சி ஒன்று 1970-களிலிருந்து இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளரிடம் அப்பா பாடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், முடிந்தால் போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள்.

பின்லாந்தின் ஹெல்சின்கியில் செய்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. ஸ்ட்ரோக் வந்த 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தங்களுக்குப் பிடித்த பாட்டைத் தினம் ஒரு மணி நேரமாவது கேட்டது, இன்னொரு குழு ஒலிப்புத்தகம் கேட்டது, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டு மாதம் இப்படி. பாட்டுக் கேட்டவர்களுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் திறனும் கவனமும் மற்றவர்களை விட நன்றாகத் திரும்பின, மனச்சோர்வும் குழப்பமும் குறைவாக இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் காசு கேட்காத, பக்க விளைவு இல்லாத ஒன்றை, அதுவும் அவரே ஆசைப்பட்டுக் கேட்பதை, அழுகிறார் என்பதற்காகப் பறிப்பது நியாயமே இல்லை.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஒருமுறை ஆம்புலன்ஸில் போனவர்களுக்கு எதைப் பார்த்தாலும் பயமாகத்தான் இருக்கும். அழும்போது இதயத்துடிப்பும் பிரஷரும் கொஞ்ச நேரம் கூடும், மாடிப்படி ஏறினால் கூடுவது போல. அதற்காகப் பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். அடுத்த ஸ்ட்ரோக்கைக் கொண்டுவருவது விட்டுப்போன பிரஷர் மாத்திரை, கட்டுப்படாத சர்க்கரை, பீடி சிகரெட், கவனிக்காமல் விட்ட சீரற்ற இதயத்துடிப்பு. அம்மாவின் காவல் அந்தப் பக்கம் இருக்கட்டும். வாய் கோணுவது, ஒரு பக்கக் கையோ காலோ புதிதாகத் துவளுவது, பேச்சு திடீரென்று இன்னும் குழறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108. பெரும்பாலும் முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் மூளை ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். அழுகை வரும்போது கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி, கூப்பிட்டாலும் உணர்வில்லாமல் இருந்தால் அது வலிப்பாக இருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அழுகை வரும் நேரத்தில் எல்லோரும் ஓடிவந்து சூழ்ந்துகொள்ளாதீர்கள். “அழாதீங்க” என்று சொன்னால் இன்னும் பெருகும். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தால் போதும், அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள். நம் வீடுகளில் உடனே தண்ணீர் டம்ளரை நீட்டுவோம், அது மட்டும் வேண்டாம். ஸ்ட்ரோக் வந்தவர்கள் பலருக்கு விழுங்குவதில் தடுமாற்றம் இருக்கும், விம்மும்போது குடித்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அழுகை கிளம்புவது அப்பாவுக்கே முன்கூட்டித் தெரிந்தால், நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை மெதுவாக விட்டு, ஜன்னலுக்கு வெளியே எதையாவது உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அதிலேயே நின்றுவிடும். பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே, “ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் இப்படி வருது, ஒரு நிமிஷத்துல சரியாயிடும்” என்று சொல்லிவிட்டால் அவர்களும் பதற மாட்டார்கள்.

பலருக்கு மாதங்கள் போகப் போக இது தானாகவே குறைந்துவிடும். குறையவில்லை, வெளியே போகவே கூசுகிறார் என்றால் மாத்திரை இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகை, மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் இந்த அழுகையைக் குறைக்கிறது, சிலருக்கு ஓரிரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க அப்பா ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும், வயதானவர்களுக்கு ரத்தத்தில் உப்புச்சத்தும் குறையலாம். ஆகவே நரம்பியல் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று: டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற மருந்தை வேறொரு மருந்தோடு சேர்த்துச் சில நாடுகளில் இந்தத் தொல்லைக்குத் தருகிறார்கள். அது இருமல் சிரப்பிலும் இருக்கிறதே என்று யாராவது சொல்லக் கேட்டு, மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மேலே சொன்ன மாத்திரையோடு சேர்ந்தால் அது ஆபத்து.

உங்களுக்கு வருவோம். படம் பார்த்து அழுவதால் பிற்காலத்தில் அப்பா மாதிரி ஆகிவிடாது. அப்பாவுக்கு வந்தது அடிபட்ட நரம்பால், உங்களுக்கு வருவது இளகிய மனதால். நெதர்லாந்தில் 60 பேருக்கு ‘ஹாச்சி’ என்ற நாய்ப் படத்தையும் ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ படத்தையும் காட்டி ஆராய்ந்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. அழுதவர்களுக்குப் படம் முடிந்த உடனே மனம் கனத்துப்போயிருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது, படம் பார்ப்பதற்கு முன்பு இருந்ததை விடவும் தெளிவாக இருந்தது. ஆகவே அழ வைக்கும் படம் பார்த்தால் உடனே எழுந்து வேலைக்கு ஓடாமல் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது பிரஷரை. பெற்றோருக்கு ஸ்ட்ரோக் வந்திருந்தால் பிள்ளைகளும் வருடம் ஒருமுறை பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லது. அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த வாரம் அம்மாவிடம் பேசி ரிமோட்டை வாங்கி அப்பாவிடமே கொடுங்கள். வலது கையில் கொடுங்கள். பொத்தானை அழுத்தி அவரே பாட்டைத் தேடிப் பிடிப்பது விரலுக்கும் பயிற்சி. நேரமாகும், தப்பான சேனலுக்குப் போகும், பரவாயில்லை. பாட்டு கிடைத்ததும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கூடப் பாடுங்கள். அழுகை வந்தால் இரண்டு பேரும் அழுங்கள்.