மூச்சைக் கவனி என்றால் ஈஎம்ஐ ஞாபகம் வருகிறதே!

கேள்வி: மேடம், எனக்கு 34 வயது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் பேக் ஆபீஸ் வேலை. மூன்று மாதமாக ஞாயிறு சாயங்காலம் ஆனாலே திங்கட்கிழமையை நினைத்து நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. தம்பி போனில் ஒரு மைண்ட்ஃபுல்னஸ் ஆப் போட்டுக் கொடுத்தான். அல்சூரில் மெட்ரோ ஏறியதும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு 10 நிமிடம் செய்கிறேன், 19 நாள் ஆகிவிட்டது. ஆனால் மூச்சைக் கவனி என்று அந்தக் குரல் சொன்னதும்தான் ஈஎம்ஐ, மாமியாரின் ஸ்கேன் ரிப்போர்ட், மேனேஜர் மெயில் எல்லாம் வரிசை கட்டி வருகிறது. எனக்கெல்லாம் இது வராதா? வருடச் சந்தா கட்டச் சொல்லித் தினமும் கேட்கிறது, கட்டலாமா?
- அல்சூர் வாசகி

பதில்: முதலில் ஒரு சபாஷ். மனநலத்துக்கான 93 ஆப்களின் பயன்பாட்டைப் பார்த்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியான ஓர் ஆப்பை இறக்கியவர்களில் 15-வது நாளும் அதைத் திறந்தவர்கள் 100-க்கு 4 பேர்தான். நீங்கள் 19 நாள், அதுவும் மெட்ரோ பர்ப்பிள் லைன் கூட்டத்தில்!

இந்த மைண்ட்ஃபுல்னஸைச் சில இடங்களில் 'மனநிறைவு' என்று தமிழ்ப்படுத்தி வைத்திருக்கிறார்கள், பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மனசு நிறைய வேண்டும், அமைதியாக வேண்டும் என்று உட்கார்ந்தால் ஈஎம்ஐ வந்ததும் தோற்றுப்போன மாதிரிதான் இருக்கும். இங்கே செய்யும் வேலை வேறு: மனசு எங்கே போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது, திட்டாமல் திரும்பக் கூட்டி வருவது. ஈஎம்ஐக்குப் போய்விட்டேன் என்று நீங்கள் கவனித்தீர்களே, அதுதான் பயிற்சி. 10 நிமிடத்தில் 30 தடவை போய் 30 தடவை திரும்பினால் 30 தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் கணக்கு.

அடுத்த தடவை நினைப்பு வரும்போது அதோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். மனசுக்குள் ஒரு பெயர் மட்டும் வையுங்கள், 'பணக் கவலை', 'ஆபீஸ்', 'பயம்' என்று. தமிழிலேயே வையுங்கள். ஆங்கிலக் குரல் ஒரு வாக்கியம் சொல்ல, அதை நாம் உள்ளுக்குள் தமிழாக்கிக்கொண்டு மூச்சைத் தேட, அதற்குள் ரயில் பையப்பனஹள்ளி தாண்டிவிடும். என்னிடம் வருபவர்கள் சிலரை அவர்கள் குரலிலேயே ஐந்து நிமிடம் தமிழில் பேசி போன் ரெக்கார்டரில் பதிந்துவைக்கச் சொல்வேன். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அதையேதான் போட்டுக் கேட்பார்கள்.

இன்னொன்று, இது முக்கியம். படபடப்பு அதிகமாக இருக்கும்போது மூச்சையே உற்றுக் கவனித்தால் சிலருக்குப் படபடப்பு கூடிவிடும். அப்படி ஆனால் மூச்சை விட்டுவிடுங்கள், கண்ணையும் மூட வேண்டாம். பாதம் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறக்கும் சத்தத்தை. ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் ஆப் பக்கம் போகாதீர்கள், போனை எடுத்த கை அப்படியே மெயிலையும் திறக்கும். படுத்தபடியே கால் விரலில் ஆரம்பித்து உடம்பை ஒவ்வொரு இடமாகக் கவனித்துக்கொண்டு மேலே வாருங்கள், அதற்குக் குரல் தேவையில்லை.

சந்தாவா? இப்போதைக்கு வேண்டாம். ஹெல்தி மைண்ட்ஸ் ப்ரோக்ராம், மெடிட்டோ இரண்டும் இலவசம், லாப நோக்கம் இல்லாத அமைப்புகள் நடத்துபவை. குரல் வேண்டாம், தொடங்கும்போதும் முடியும்போதும் மணி அடித்தால் போதும் என்றால் இன்சைட் டைமரில் அதுவும் காசில்லாமல் கிடைக்கும். ஏற்கெனவே ஃப்ரீ ட்ரயலில் கார்டைக் கொடுத்திருந்தால், ஆப்பை டெலீட் செய்தால் மட்டும் பணம் போவது நிற்காது, ப்ளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன் பக்கம் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். இன்றைய மனநிலை என்ன, யாரோடு சண்டை என்று ஆப் கேட்கும் டயரியில் எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். 2022-இல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை நடத்தும் மோசில்லா 32 மனநல, பிரார்த்தனை ஆப்களைப் பரிசோதித்து, 28-க்குத் தனியுரிமை எச்சரிக்கை கொடுத்தது.

பலன் உண்டா என்றால், உண்டு, சின்ன அளவில். எதுவும் செய்யாமல் இருப்பவர்களைவிடச் செய்பவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கொஞ்சம் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மூன்று மாதத் தூக்கக்கேட்டை அது தனியாகச் சுமக்காது. ஒரு டாக்டரைப் பார்த்து தைராய்டு, ரத்தசோகை இல்லையென்று உறுதி செய்துகொண்டு, ஒரு கவுன்சலரிடமும் பேசுங்கள். பிடிஎம் லேஅவுட்டில், மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸின் நலவாழ்வு மையம் இருக்கிறது, ஓசூர் ரோட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியதில்லை. மேனேஜர் மெயில் ராத்திரி 11 மணிக்கு வருகிறது என்றால் அது மேனேஜரின் பிரச்சினை, உங்கள் மூச்சின் பிரச்சினை இல்லை. அதையும் ஒரு நாள் பேசித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: கோயிலில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடினவன் நான். இதை அமெரிக்காக்காரன் ஆப்பாக விற்க, நம் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குகிறார்களே, இது நியாயமா?
- ஓய்வுபெற்ற ஊழியர், ஜாலஹள்ளி

பதில்: காசு விஷயத்தில் உங்கள் கட்சிதான் சார். ஆனால் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்-ஸின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதைத் தொடங்கியபோது, பக்தி எதுவும் கேட்காமல், தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்குச் சில வாரப் பாடமாகத்தான் கொடுத்தார். பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்ததுதான், பிற்பாடு அவரே அதைச் சொல்லியும் இருக்கிறார். உங்களுக்குத் தூண் கிடைத்தது, பேரனுக்கு போன் கிடைத்திருக்கிறது. ஒரு நாள் அவனையும் தூண் பக்கம் கூட்டிப் போங்களேன்.

கேள்வி: மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஒரு மாதமாக அறைக்குள்ளேயே இருக்கிறான், ஹெட்போனில் தியானம் செய்கிறேன் என்கிறான். சரியாகச் சாப்பிடுவதில்லை, நண்பர்களிடமும் பேசுவதில்லை. தியானம் நல்லதுதானே என்று விட்டுவிடலாமா?
- ஸ்ரீராமபுரம் வாசகர்

பதில்: விட்டுவிடாதீர்கள். சாப்பாடு, தூக்கம், பேச்சு இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் கலைந்திருந்தால் ஆப் போதாது. அவன் தியானத்தைக் குறை சொல்ல வேண்டாம், ஏதோ ஒரு பிடி தேவைப்பட்டுத்தான் அதைப் பிடித்திருக்கிறான். இன்று ராத்திரி தட்டை எடுத்துக்கொண்டு அவன் அறைக்கே போய் உட்காருங்கள், "கண்ணா, என்னடா ஆச்சு, அப்பா திட்ட மாட்டேன்" என்று கேளுங்கள். வாழப் பிடிக்கவில்லையா, செத்துப்போகலாம் போல இருக்கிறதா என்றும் நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இல்லை என்றாலும் 14416-ஐக் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அவன் பேச மறுத்தால் முதலில் நீங்கள் கூப்பிட்டு, எப்படி அணுகலாம் என்று கேளுங்கள்.