பாலையா கதை கேக்கற சீன்

சார் வணக்கம்,

எனக்கு 64 வயசு, குடியாத்தம் பக்கம், லுங்கி தறி வெச்சிருந்தோம், இப்ப இல்ல. ராத்திரி சாப்டுட்டு ஒக்காந்தா பழைய படம் தான். சிவாஜி, ரங்காராவ், பாலையா, சாவித்திரி, கண்ணாம்பா, யாரு படம்னாலும் சரி. மனோகரா எத்தன வாட்டி பாத்திருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. வீட்ல எல்லாரும் சிரிக்கறாங்க. "இன்னா நைனா, சும்மா கத்திக்கினே கீறாங்க, வீட்டுக்குள்ள பேசறதுக்கு எதுக்கு இவ்ளோ சத்தம்"னு பையன் கேக்கறான், எனக்கு பதில் சொல்லத் தெரியல. அந்தக் கால நடிப்புல கால்வாசி கூட இன்னிக்கு ஒருத்தனுக்கும் வராதுன்னு தான் நான் சொல்லுவேன். நீங்க நம்ம வேலூர்க்காரரு, எதெதயோ எழுதறீங்க, பழைய படத்தப் பத்தி ஒரு வரி எழுதறதில்ல. உங்களுக்கும் அது கத்தலா தான் தெரியுதா? பேரு போட வேணாம், பையன் படிப்பான்.

*

அண்ணா வணக்கம்,

பேரு போடல. ஆனா குடியாத்தம், லுங்கி தறி, 64 வயசுன்னு எல்லாத்தையும் நீங்களே எழுதிட்டீங்க, பையன் கண்டுபிடிச்சா என்ன கேக்காதீங்க.

கத்தறாங்க தான். அத மொதல்ல ஒத்துக்கலாம், தப்பில்ல. ஏன் கத்தறாங்கன்னு பையனுக்கு சொல்லுங்க. சிவாஜி, எம்.ஆர்.ராதா, பாலையா எல்லாம் சின்ன வயசுலயே நாடக கம்பெனிக்கு போனவங்க. மைக் இல்லாத கொட்டாயில கடைசியில தரையில துண்ட விரிச்சு ஒக்காந்திருக்கறவன் காதுல விழலன்னா அவன் எழுந்து போய்டுவான், அதனால வயித்துல இருந்து சத்தம் எடுத்துப் பழகின தொண்டைங்க. நம்ம பக்கம் தெருக்கூத்து பாத்தவங்களுக்கு இத சொல்லவே வேணாம், விடிய விடிய துரியோதனன் கத்தாம மெதுவாவா பேசுவான்? அந்தத் தொண்டையோட தான் ஸ்டுடியோவுக்குள்ள வந்தாங்க. படம் ஓடின டெண்ட் கொட்டாய் மட்டும் அமைதியாவா இருந்துச்சு, ஸ்பீக்கர் கரகரன்னும், கொழந்த அழுவும், முறுக்கு விக்கறவன் நடுவுல நடப்பான்.

இன்னொண்ணு. 1954ல மனோகரா வந்துச்சே, சங்கிலியோட சிவாஜி கர்ஜிக்கறாரே, அதே வருஷம் தான் எஸ்.பாலசந்தரோட அந்த நாள் வந்துச்சு. பாட்டே இல்லாத படம். அதுல அதே சிவாஜி எவ்ளோ அடக்கிப் பேசறாருன்னு பாருங்க. சத்தம் போடத் தெரிஞ்ச மனுஷனுக்கு கொறைக்கவும் தெரிஞ்சிருந்துச்சு. ரெண்டையும் ஒரே ராத்திரி பையனுக்கு போட்டுக் காட்டுங்க, பாதில எழுந்து போனா போறான்.

ஆனா "இன்னிக்கு ஒருத்தனுக்கும் வராது"ன்றத நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணா, கோச்சுக்காதீங்க. அந்தக் காலத்துல வந்த மொக்கப் படத்த எல்லாம் யாரும் ஞாபகம் வெச்சுக்கல, அவ்ளோ தான். நல்லதும் நெறய போயே போச்சு, தமிழ்ல மொத பேசும்படம் 1931ல வந்த காளிதாஸ், அதோட பிரிண்ட் ஒண்ணு கூட இன்னிக்கு இல்ல. மிச்சம் மீதி இருக்கறத வெச்சுக்கினு நாம அந்தக் காலமே தங்கம்ன்றோம்.

நான் ஏன் எழுதலன்னு கேட்டீங்க. எனக்கு பழைய படம் கண்ணு வழியா வரல, காது வழியா வந்துச்சு, அதான் எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

எங்க நைனா மைக்செட் கட நடத்தினாரு. ஒடுகத்தூர்ல இருந்து அணைக்கட்டு வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, பொங்கலுக்கு மாடு விடற திருவிழா எல்லாத்துக்கும் எங்க கொழாய் ஸ்பீக்கர் தான், புளியமரத்துல ஏறி கட்டறது என் வேல. உங்க ஊரு சிரசு திருவிழாவுக்கும் ரெண்டு வருஷம் வந்திருக்கோம். மரப்பெட்டி நெறய ரெக்கார்டு, அப்பால கேசட்டு. பாட்ட விட கதை வசனம் கேக்கற கூட்டம் தான் ஜாஸ்தி. திருவிளையாடல் தருமி, பராசக்தி கோர்ட்டு, ரத்தக் கண்ணீர். பத்து வயசுல எனக்கு இதெல்லாம் தலகீழா மனப்பாடம், ஒரு படமும் பாத்ததில்ல. ஒரு வாட்டி ஒரு கல்யாண வீட்ல நைனா சாப்ட போன நேரத்துல நான் ரத்தக் கண்ணீர் போட்டுட்டேன், தேஞ்ச ரெக்கார்டு, எம்.ஆர்.ராதா காந்தான்னு கூப்டற எடத்துல முள்ளு மாட்டிக்கினு காந்தா, காந்தா, காந்தான்னு ஊருக்கே கேக்குது, பொண்ணோட மாமா பந்தியில இருந்து எச்சி கையோட ஓடியாறாரு, "தாலி கட்டற வீட்ல இன்னாடா போடற"ன்னு. நைனா அந்த ஆளு முன்னாடி என்ன ஒரு அறை விட்டாரு, திரும்பி வர்ற வழியில வண்டிய நிறுத்திட்டு அவரே சிரிச்சாரு.

படம் பாக்க ஆரம்பிச்சது டிவி வந்தப்புறம். அப்ப தான் ஒண்ணு புரிஞ்சுது. வசனம் எல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும், பேசறவர பாக்க வேண்டிய அவசியமே இல்ல. என் கண்ணு தானா பேசாதவங்க பக்கம் போச்சு. ரெக்கார்டுல இல்லாத ஆளுங்க அவங்க தானே.

பராசக்தில கல்யாணி கூண்டுல நின்னு தன் கதைய சொல்றா. எனக்கு அது வார்த்தைக்கு வார்த்த தெரியும். மேல ஜட்ஜா ஒக்காந்திருக்கற சகஸ்ரநாமத்துக்கு இவ நம்ம தங்கச்சின்னு தெரியற எடத்துல அந்த மூஞ்சி ஒடைஞ்சு போறது எந்த ரெக்கார்டுல இருக்கு?

இதுல ராஜா பாலையா தான். 1964, ஸ்ரீதரோட காதலிக்க நேரமில்லை. பையனா வர்ற நாகேஷ், அப்பனா வர்ற பாலையாவுக்கு பேய்க்கதை சொல்ற சீன். கேசட்ல கேட்டா அது நாகேஷ் சீன், கதவு சத்தம் அவரே, காத்து சத்தம் அவரே, நடுவுல பாலையா "ம்"ங்கறது மட்டும் கேக்கும். படத்துல பாத்தீங்கன்னா சீனையே அந்த "ம்" போடற ஆளு எடுத்துக்கினு போய்ட்டாரு. மொதல்ல பையன் ஏதோ உளர்றான்னு அலட்சியமா ஒக்காந்திருப்பாரு, பயம் ஏறிக்கினே வரும், ஆனா பணக்கார அப்பனாச்சே, காட்டிக்கக் கூடாது, அந்த ரெண்டும் ஒரே மூஞ்சில சண்ட போடும். கூத்துல கோமாளியா வர்ற கட்டியங்காரன் ராஜா பக்கத்துல நின்னு கேட்டுக்கினே இருப்பான் பாருங்க, கேக்கறதுலயே சிரிக்க வெப்பான், அந்த வித்த. திருவிளையாடல்லயும் அதே தான். ஹேமநாத பாகவதரா ஊரையே அலட்சியமா பாத்த மனுஷன், ராத்திரி விறகுவெட்டி பாடறத கேட்டு ஆடிப் போய்டுவாரு. பாணபத்திரர் வேணாம்னு தள்ளின ஆளே இப்டி பாடறான்னா பாணபத்திரர் எப்டி பாடுவாருன்னு அந்தக் கண்ணுல கணக்கு ஓடும். பாட்டு டி.எம்.எஸ். கொரல்ல, ஆட்டம் சிவாஜியோடது, நமக்கு அது எவ்ளோ பெரிய பாட்டுன்னு சொல்றது பாலையா மூஞ்சி. 1936ல சதிலீலாவதில எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கே. கூட ஒண்ணா சினிமாவுக்கு வந்தவரு, அவங்களுக்கு செல வெச்ச மாதிரி இவருக்கு வெச்சதா நான் கேள்விப்படல.

நம்ம ஊர்க்காரரு ஒருத்தரும் இப்டித் தான், வேலூர் பி.ஏ.பெருமாள் முதலியார், நேஷனல் பிக்சர்ஸ்னு கம்பெனி வெச்சு படம் எடுத்தவரு. திரையிலயே வராதவரு. நாடகத்துல நூர்ஜஹானா பொம்பள வேஷம் கட்டின பையன, அதான் நம்ம சிவாஜிய, புடிச்சாந்து பராசக்திக்கு ஹீரோன்னாரு. கொஞ்சம் எடுத்தப்புறம் ஏவி.மெய்யப்பச் செட்டியாருக்கு திருப்தி இல்ல, பையன் ஒல்லியா கீறான், கே.ஆர்.ராமசாமிய போட்டுக்கலாம்ன்றாரு. அவரு சாதாரண ஆளா, ஸ்டுடியோவே அவரோடது. முதலியார் மாட்டேன்னுட்டாரு. பையன் ஒடம்பு தேறினப்புறம் மொதல்ல எடுத்த சீன் எல்லாம் திரும்ப எடுத்தாங்க, 1952 தீபாவளிக்கு படம் வந்துச்சு, மிச்ச கதை உங்களுக்கே தெரியும். 1954ல ரத்தக் கண்ணீர் எடுத்தவரும் இதே மனுஷன் தான், என் கன்னத்துல அறை வாங்கிக் குடுத்ததும் ஒரு வகையில அவரு தான். சிவாஜி ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூர்ல அவரு வீட்டுக்கு வந்து சீர் வெச்சு ஆசீர்வாதம் வாங்கிக்கினு போவாரு. அந்தப் பொங்கல் அன்னிக்கெல்லாம் நான் அணைக்கட்டுல எங்கயோ மரத்து மேல ஒக்காந்து பராசக்தி வசனம் போட்டுக்கினு இருந்திருக்கேன், பத்து மைல்ல அந்தத் தொண்டையோட சொந்தக்காரரு ஒக்காந்திருக்காருன்னு தெரியாம.

கடைசியா ஒரு விஷயம், இது பையன் செய்ய வேண்டிய வேல. உங்க டிவில படம் முழுசா ரொப்பிக்கினு தெரியுதுன்னா ஏதோ தப்பு. தமிழ்ல சினிமாஸ்கோப்னு அகலமான படம் வந்ததே 1973ல, ராஜராஜ சோழன்ல. அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் கிட்டத்தட்ட சதுரமான படம், நாலுக்கு மூணு. அத இழுத்து வெச்சா சாவித்திரி மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிடும், யூட்யூப்ல சில பேரு மேலயும் கீழயும் வெட்டியே ஏத்தி வெச்சிருக்கான், உக்காந்து கேக்கற ஆளு பாதி காணாம போய்டறாரு. ரிமோட்ல படத்தோட அளவு மாத்தற எடம் இருக்கும், நாலுக்கு மூணு வெக்க சொல்லுங்க, ரெண்டு பக்கமும் கருப்பா வரும், வரட்டும்.

வெச்சுக் குடுத்துட்டு பையன் எழுந்து போறதுக்குள்ள அந்தப் பேய்க்கதை சீன போட்டுடுங்க. நாகேஷ பாக்காதடான்னு மட்டும் சொல்லுங்க.