கோடாங்கி வீட்டுப் பெண்ணுக்கு எந்த எம்.ஏ.?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறார். அப்பா குலதெய்வக் கோயிலில் குறி சொல்லும் கோடாங்கி. "சாமி, கோயில், திருவிழா இதெல்லாம் ஊரை எப்படி நடத்துகிறது என்று படிக்க ஆசை. இதற்கென்று எம்.ஏ. இருக்கிறதா? மதுரையிலேயே படிக்க முடியுமா? சாமி கும்பிடுகிற நானே அதை ஆராய்ந்தால் சரியாக வருமா? 'சாமியவே ஆராய்ச்சி பண்ணப் போறியாக்கும்' என்று அப்பா கோபப்படுகிறார். படித்தால் வேலை கிடைக்குமா?"

படிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். 'சமயம்' என்று பெயர்ப் பலகை வைத்த துறையைத் தேடி அலையாதீர்கள். உங்கள் கேள்விக்குப் பொருத்தமான இடம் சமூகவியல் துறை அல்லது தமிழ்த் துறை. சமயத்தை அங்கே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எது என்பதற்கு மொழியும் ஒரு காரணம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சமயப் பெயர் தாங்கிய துறைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலேயே சைவ சித்தாந்தத்துக்கும், காந்திய சிந்தனை - இராமலிங்கர் தத்துவத்துக்கும் துறைகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவவியல் என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் நடப்பது தத்துவப் பாடம். சைவ சித்தாந்த மூலநூலான சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் பதி, பசு, பாசம் என்ற இறைவன், உயிர், தளை தத்துவத்தையும் ஊன்றிப் படிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. உங்கள் கோயிலில் பூசாரி உரிமை பங்காளிகளுக்குள் ஏன் முறை வைத்துச் சுற்றுகிறது, பெண்கள் ஏன் ஓர் எல்லைக்கு வெளியே நின்று கும்பிடுகிறார்கள் என்று கேட்டால், அந்தப் பாடத்திட்டத்தில் அதற்கு இடம் குறைவு. இன்னொன்று, சின்னத் துறைகளில் எல்லா ஆண்டும் எம்.ஏ. சேர்க்கை நடக்கும் என்று சொல்ல முடியாது. எதில் சேர்வதானாலும் துறை அலுவலகத்துக்கு நேரில் போய், இந்த ஆண்டு வகுப்பு உண்டா, ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியையும் சொல்ல வேண்டும். 1969இல் தொடங்கிய கல்லூரி. இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்தது. அடிப்படையில் திருச்சபைப் பணிக்கு ஆள் தயார் செய்யும் இடம்தான். ஆனாலும் சாதி, வறுமை, தலித் விடுதலை பற்றியெல்லாம் அங்கே நடந்த விவாதம் பல பல்கலைக்கழகத் துறைகளில் நடக்கவில்லை. நூலகத்துக்காகவும் கருத்தரங்குகளுக்காகவும் போய் வாருங்கள்.

சமயங்களை ஒப்பிட்டுப் படிக்க வெளிமாநிலம் போகலாம் என்றால் சாந்திநிகேதன் விசுவபாரதியில் தத்துவமும் ஒப்பீட்டுச் சமயமும் சேர்ந்த துறை இருக்கிறது. பாட்டியாலாவில் பஞ்சாபி பல்கலைக்கழகமும், பீகாரில் நாளந்தா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. குடும்பச் சூழலைப் பார்த்தால் நீங்கள் அவ்வளவு தூரம் போவீர்கள் என்று தோன்றவில்லை. போகவும் தேவையில்லை.

அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரியில் மதத்தைப் பாடமாக வைக்கலாமா என்ற சந்தேகத்தை யாராவது கிளப்பினால் பதில் இதுதான். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் நிறுவனத்தில் மதபோதனை கூடாது என்கிறது. மதங்களைப் பற்றிப் படிப்பது போதனை ஆகாது என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கல்விக்கான கோத்தாரி கமிஷன் 1960களிலேயே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டது.

சரி, கும்பிடுகிறவர் ஆராயலாமா? தாராளமாக. சமூகவியல் சாமி உண்டா இல்லையா என்று கேட்பதில்லை. சாமி உண்டு என்று நம்புகிற மக்கள் அதனால் என்ன செய்கிறார்கள், யாரோடு சேர்கிறார்கள், யாரை ஒதுக்குகிறார்கள் என்றுதான் கேட்கிறது. சமயச் சமூகவியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான எமில் துர்கைம், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சடங்குகளை வைத்து 1912இல் தன் பெரிய நூலை எழுதினார். அந்த மண்ணை அவர் மிதித்ததே இல்லை, எல்லாம் மற்றவர்கள் எழுதிய அறிக்கைகள். உங்களுக்கோ சாமியாட்டமும் குறி சொல்வதும் வீட்டுத் திண்ணையிலேயே நடக்கிறது. உங்களுக்கு உள்ள சிக்கல் வேறு. பிறந்ததிலிருந்து பார்த்த ஒன்றைக் கேள்வியாகவே பார்க்கத் தோன்றாது. "இது எப்பவும் இப்படித்தான்" என்று உங்கள் மனம் சொல்லும் இடத்தையெல்லாம் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உங்கள் வட்டாரத்தை வெளியாட்கள் முன்பே தேடி வந்திருக்கிறார்கள். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே தங்கிப் பிரமலைக் கள்ளர்களின் உறவுமுறையையும் தெய்வங்களையும் ஆராய்ந்து 1957இல் நூலாக்கினார். பிரிட்டிஷ் மானிடவியலாளர் சி.ஜே. ஃபுல்லர் மீனாட்சியம்மன் கோயில் பட்டர்களை, அதாவது அர்ச்சகர்களை, பற்றி 1984இல் ஒரு நூல் எழுதினார், 2003இல் அதே பட்டர்களைப் பற்றி மறுபடியும் எழுதினார். முதல் நூலில் சோர்ந்து நின்றவர்கள், இரண்டாவதில் பிள்ளைகளை ஆகமப் பாடசாலைக்கு அனுப்பி நிமிர்ந்திருக்கிறார்கள். ஒரே கோயிலுக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் இது கண்ணில் படும்.

ஆனால் நீங்கள் முதலில் படிக்க வேண்டியது தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்'. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு. 1989இல் பல்கலைக்கழகமே வெளியிட்டது. தலபுராணத்தோடும் சிற்பத்தோடும் நிற்காமல், கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என ஒவ்வொரு சமூகத்துக்கும் அந்தக் கோயிலோடு என்ன உறவு, என்ன கடமை, என்ன மரியாதை என்று விசாரித்தார். பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கும் வர்ணிப்புப் பாடல்களுக்கும் தனி இடம் கொடுத்தார். அவர் தமிழ்த் துறைக்காரர் என்பதைக் கவனியுங்கள். மதுரையில் ஒரு கோயிலையும் சமூகத்தையும் சேர்த்துப் பார்த்த முன்மாதிரி ஆய்வு சமயத் துறையிலிருந்து வரவில்லை.

இப்போது களம். கோயிலுக்கும் ஊருக்கும் உள்ள உறவு புராணத்தில் தெரிவதைவிடக் கணக்கு நோட்டில் நன்றாகத் தெரியும் என்பது என் கட்சி. உங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸ்களைச் சேருங்கள். பழையது யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கும், கல்யாணப் பத்திரிகைகளோடு. யார் பெயர் முதலில் இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து உபயதாரர் பெயருக்குப் பக்கத்தில் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று வருகிறது, பெண்கள் பெயர் எப்போது ஏறியது, கட்சிப் பொறுப்பு எப்போது ஒட்டிக்கொண்டது என்று வரிசைப்படுத்துங்கள். இடப்பெயர்ச்சியும் புதுப் பணமும் அரசியலும் அந்த ஒற்றைத் தாளில் இருக்கும்.

அடுத்தது கோயில் வரி நோட்டு. தலைக்கட்டு, அதாவது வரி கட்டும் குடும்பம், என்று யாரைக் கணக்கெடுக்கிறார்கள்? கல்யாணமான மகன் தனித் தலைக்கட்டா? கணவரை இழந்த பெண் தனியாக இருந்தால் அவருக்கு வரி உண்டா? வேறு சாதியில் கல்யாணம் செய்தவரிடம் வாங்குகிறார்களா? வரி கொடுக்க மறுத்தவரைப் பற்றி ஊரே பேசும். வாங்க மறுக்கப்பட்டவரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அவரைத் தேடிப் போங்கள். ஊர் என்பதற்கு எல்லை எது என்று அவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது.

அப்புறம் மரியாதை. பரிவட்டம் யாருக்கு, விபூதி முதலில் யார் கைக்குப் போகிறது, கிடா வெட்டிய பிறகு எந்தப் பங்கு யாருக்கு. மாசி சிவராத்திரிக்குப் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சாமிப் பெட்டி போகிறதே, யார் தூக்குகிறார்கள், யார் வழிவிடுகிறார்கள், எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். முதல் மரியாதைச் சண்டை முற்றினால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகிறது. அந்தத் தீர்ப்புகளை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். மாணவர்கள் இந்தச் சுரங்கத்தை ஏனோ தொடுவதே இல்லை.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவது ஆராய்ச்சிக்கு இல்லை, அவமரியாதைக்கு என்று நினைக்கிறேன். மைக்கை நீட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். குறி கேட்க வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்கிறார்கள். அதைப் பதிவு செய்ய அப்பா சம்மதித்தாலும் போதாது, வந்தவர் சம்மதிக்க வேண்டும். சாமியாடுகிறவரை வீடியோ எடுப்பதும் அப்படித்தான். அருள் இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை, முதல் நாளே கேட்க வேண்டும். எழுதும்போது ஊர்ப் பெயர், ஆள் பெயர் மாற்றுங்கள். பெண் என்பதால் சில சடங்குகளுக்குள் உங்களை விடமாட்டார்கள். விடாத இடத்தில் வம்புக்கு நிற்காமல், ஆண்களிடம் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். அதே சமயம் முளைப்பாரி வளர்க்கும் வீட்டுக்குள் எந்த ஆண் ஆய்வாளரும் உங்களைப் போல உட்கார்ந்திருக்க முடியாது. தலைப்பை அங்கிருந்து எடுத்தால் பாதி வேலை முடிந்தது. அப்பாவின் கோயிலையே ஆய்வுக்கு எடுக்காமல், பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றை எடுப்பது குடும்பத்துக்கும் நல்லது, ஆய்வுக்கும் நல்லது.

வேறு தலைப்பு வேண்டுமானால் மதுரையில் பஞ்சமே இல்லை. வரலாறு படித்தவர் என்பதால் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில், சாதியால் அதுவரை தடுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த நிகழ்ச்சியை எடுத்து, அதன் பிறகு சுற்றுக் கிராமக் கோயில்களில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று தொடரலாம். கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரத்தில் அய்யனாரும் கருப்பும் குடியிருப்பதும் நல்ல பொருள். திருப்பரங்குன்றத்தை மட்டும் எம்.ஏ. ஆய்வேட்டுக்கு எடுக்காதீர்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் இடையிலான அந்த மலை வழக்கு 1931இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, ஆவணங்களை வைத்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இன்றைய சூட்டில் ஒரு மாணவி நோட்டோடு அங்கே போய்க் கேள்வி கேட்பது அவருக்கும் ஆபத்து, பதில் சொல்கிறவருக்கும் ஆபத்து.

வேலை. சமயம் படித்தவருக்கென்று விளம்பரம் வருவது அபூர்வம், அதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் பட்டம் சமூகவியல் என்றோ தமிழ் என்றோ இருக்கட்டும் என்கிறேன். ஆசிரியப் பணிக்கும் யுபிஎஸ்சிக்கும் அது நேராக உதவும். யுபிஎஸ்சி சமூகவியல் விருப்பப் பாடத்தில் சமயமும் சமூகமும் ஒரு பகுதியாகவே இருக்கிறது. அறநிலையத் துறைச் செயல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி நடத்தும் தேர்வில் சைவமும் வைணவமும் கேட்கிறார்கள். ஆராய்ச்சியில் நிற்பதென்றால் எம்.ஏ.வில் 55 சதவீதம் எடுத்து (ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யுஜிசி நெட் எழுதுங்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு 30 என்பார்கள், பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. நடுவில் கல்யாணப் பேச்சு வந்து ஓரிரு ஆண்டு நழுவினாலும் கதவு மூடிவிடாது.

கடைசியில் சொல்வதாகச் சொன்ன மொழி. நெட் தேர்வில் ஒப்பீட்டுச் சமயம் என்றே தனிப் பாடம் இருக்கிறது, சமூகவியலும் இருக்கிறது. ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்ப் பாடத்தை எடுத்தால் பாடத்தாளைத் தமிழிலேயே எழுதலாம். அதனால் ஆங்கிலப் புத்தகத்தை அகராதி பக்கத்தில் இல்லாமல் நாளைக்கு இருபது பக்கம் படிக்க முடிகிறதா என்று இந்த மாதமே உங்களைச் சோதித்துப் பாருங்கள். முடிந்தால் சமூகவியல். இல்லையென்றால் எம்.ஏ. தமிழில் சேர்ந்து, நாட்டார் வழக்காற்றியலை விருப்பப் பாடமாக வைத்திருக்கும் கல்லூரியாகப் பாருங்கள். துய்மோனை இரண்டாம் ஆண்டில் மெதுவாகப் படித்துக்கொள்ளலாம். அதற்குள் பங்குனிப் பொங்கல் நோட்டீஸ் வந்துவிடும், ஒன்று எடுத்து வையுங்கள்.