ஃபார்மில் எழுத்து வரம்பு: வடசென்னைப் பிள்ளைகள் கேட்டவை

அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே ஒரு பெட்டியில் எத்தனை எழுத்து வரை விடலாம் என்பதைப் பற்றித்தான்.

ராயபுரம்: அக்கா, டெலிவரி முகவரிக்கு மேக்ஸ்லெங்த் (அதிகபட்ச எழுத்து வரம்பு) 100 கொடுத்துவிட்டேன். அது போதாதா?

டைப் செய்கிறவருக்குப் போதும், 100 வந்ததும் நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் இருந்து முகவரியை காப்பி செய்து ஒட்டுகிறவர்தான் மாட்டிக்கொள்வார். குரோம் 100-க்கு மேல் இருப்பதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. முகவரியில் கடைசியில் இருப்பது பின்கோடு. 600013 போய்விட்டது என்பதே அவருக்குத் தெரியாது.

அதனால் நீளமான பெட்டிகளுக்கு மேக்ஸ்லெங்த் வைக்காதே என்றுதான் சொல்வேன். எழுத விடு. வரம்பைத் தாண்டினால் "12 எழுத்து அதிகம்" என்று பெட்டிக்குக் கீழே காட்டு. செட்கஸ்டம்வேலிடிட்டி என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை மூலம் சப்மிட்டைத் தடு. எதைக் குறைப்பது என்று அவரே பார்த்துக்கொள்வார். பின்கோடு மாதிரி நீளம் மாறாத பெட்டிக்கு மேக்ஸ்லெங்த் 6 சரி. ஆனால் டைப் நம்பர் என்று வைத்தால் மேக்ஸ்லெங்த் வேலை செய்யாது. டைப் டெக்ஸ்ட், எண் கீபோர்டு வர இன்புட்மோடு நியூமரிக், கூடவே ஆறு இலக்கம்தானா என்று பார்க்க ஒரு பேட்டர்ன் வை.

தண்டையார்பேட்டை: ஊர்ப் பெயர் பெட்டிக்கு 12 எழுத்து வைத்தேன். எங்கள் ஊர்ப் பெயரே உள்ளே போகவில்லையே?

போகாது தம்பி. "தண்டையார்பேட்டை" நமக்கு 8 எழுத்து, பிரவுசருக்கு 15. ண் என்பதை ண ஒன்று, புள்ளி ஒன்று என்று இரண்டாக எண்ணும். டை, யா, பே எல்லாம் அப்படித்தான். மேக்ஸ்லெங்தும் சரி, ஜாவாஸ்கிரிப்டின் லெங்தும் சரி, எண்ணுவது யுடிஎஃப்-16 அலகுகளை, அதாவது எழுத்தைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும் 16 பிட் துண்டுகளை. இங்கிலீஷில் பெரும்பாலும் ஒரு எழுத்துக்கு ஒரு அலகு என்பதால் அங்கே யாரும் இதைக் கவனிப்பதில்லை. பாதி வரம்புதான் தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைக்கிறது. தமிழில் பெயர் எழுத வருகிறவரை இப்படித் திருப்பி அனுப்புவது எனக்கு மனதே ஆறாது.

நாம் எண்ணுகிற மாதிரி எண்ண ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் இருக்கிறது. 2024-ல் ஃபயர்பாக்ஸிலும் வந்துவிட்டது, இப்போது எல்லாப் பெரிய பிரவுசரிலும் கிடைக்கும். அது 8 என்றே சொல்லும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் இரண்டிரண்டாக எண்ணும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எண்ணுவதற்கு முன்னால், ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைஸ் என்எஃப்சி ஒரு தடவை ஓட்டு. "கொ" சில கீபோர்டில் இரண்டு துண்டாக வரும், சிலதில் க, கொம்பு, கால் என்று மூன்றாக வரும். பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் தேடினால் ஒன்று மற்றொன்றுடன் பொருந்தாது.

அப்புறம் டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல்லில் வார்சார் என்ற எழுத்துப் பத்தி இதே பெயரை 15 என்று எண்ணும். ஆரக்கிளில் ஒன்றும் மாற்றாமல் விட்டால் பைட் கணக்கு. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட் என்று 45 ஆகிவிடும். திரையில் 20 எழுத்து என்று சொன்னால் உள்ளே எழுத்துக்கு மூன்று துண்டு வீதம் 60 துண்டுக்கு இடம் வைத்துக்கொள்.

வியாசர்பாடி: மின்லெங்த் (குறைந்தபட்ச எழுத்து) 10 வைத்தும் காலியான பெட்டி சப்மிட் ஆகிறது, ஏன்?

காலிப் பெட்டியை மின்லெங்த் பார்க்காது. கட்டாயம் நிரப்ப வைக்கும் ரிக்வயர்டு சேர்க்க வேண்டும். வெறும் ஸ்பேஸ் பத்து தட்டினால் இரண்டையும் தாண்டிவிடும், எனவே முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸை ட்ரிம் செய்து (வெட்டி) நீயே பார்.

திருவொற்றியூர்: புகார்ப் பெட்டிக்கு வரம்பு 500. எழுத்தை எண்ணும் கவுன்டர் 496 காட்டுகிறது, சர்வர் "அதிகம்" என்று திருப்பி அனுப்புகிறது.

புகாரில் என்டர் தட்டியிருப்பார்கள். டெக்ஸ்ட்ஏரியாவில் புது வரி ஒரு எழுத்துதான். சப்மிட் ஆகும்போது அதே வரிமுறிவு சிஆர், எல்எஃப் என்ற இரண்டு குறிகளாகப் போகும். ஐந்து தடவை என்டர் தட்டினால் 501. சர்வரில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு எண்ணு.

எண்ணூர்: பிரவுசரிலேயே சரி பார்த்தாச்சு. சர்வரிலும் வேண்டுமா?

கட்டாயம். பிரவுசரிலேயே இருக்கும் டெவ்டூல்ஸைத் திறந்து மேக்ஸ்லெங்தை யாரும் அழிக்கலாம், பிரவுசரே இல்லாமலும் அனுப்பலாம். உன் ஸ்கிரிப்டில் ஃபார்ம் டாட் சப்மிட் என்று அழைத்தாலே சரிபார்ப்பு நடக்காது, ரிக்வெஸ்ட்சப்மிட் என்று அழை. பிரவுசரில் செய்வது ஃபார்ம் நிரப்புகிறவரின் வசதிக்கு. டேட்டாவைக் காக்க வேண்டியது சர்வர்.

காசிமேடு: ஐஸ் விலையைப் படகுக்காரர்களுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு ஃபார்ம் செய்கிறேன். வரம்பு 160 தானே அக்கா?

இங்கிலீஷுக்குத்தான் 160. தமிழ் வந்துவிட்டால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 தான். அதைத் தாண்டினால் 67, 67 ஆக உடைந்து ஒவ்வொன்றுக்கும் காசு போகும். இங்கே மட்டும் செக்மென்டர் வேண்டாம். எஸ்எம்எஸ்ஸும் 16 பிட் அலகைத்தான் எண்ணுகிறது, ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் அப்படியே பொருந்தும். கவுன்டரில் "2 எஸ்எம்எஸ் ஆகும்" என்றும் சேர்த்துக் காட்டு, அனுப்புகிறவருக்குச் செலவு முன்னாலேயே தெரியும்.