‘படி’ என்று சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் கதைப் புத்தகத்தைத் தொட மாட்டேன் என்கிறான். புத்தகக் காட்சியில் எண்ணூறு ரூபாய்க்கு வாங்கியவை அப்படியே கிடக்கின்றன. ஐந்து பக்கம் படித்தால் அரை மணி நேரம் செல்போன் என்று என் கணவர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார். தேம்பிக்கொண்டே படித்துவிட்டு, போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். பள்ளியில் வாரம் ஒரு நாள் நூலக வகுப்பு உண்டு. படித்ததைச் சுருக்கி எழுதிக் காட்ட வேண்டுமாம். மற்ற நாள்களில் பீரோ பூட்டியே இருக்கும். இவனுக்குப் படிப்பதில் ஆசை வர என்னதான் செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதல் வேலையாக அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லுங்கள். கசப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு வாயில் கொஞ்சம் சர்க்கரை போடுவோம் இல்லையா, அதே கதைதான். எது மருந்து, எது சர்க்கரை என்று பையன் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறான்.

அப்புறம், ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திருத்த வேண்டாம். என் பேத்தி அந்த வயதில் வாசித்த ஒரு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: ‘நரி சென்றுகொண்டிருந்தது.’ செ, ன், று, கொ, ண் என்று விரல் வைத்து நகர்ந்து, கடைசி ‘து’வுக்கு வந்து சேர்ந்தபோது நரியையே மறந்துவிட்டாள். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் அதுவரை யாரும் அவளிடம் ‘சென்றுகொண்டிருந்தது’ என்று பேசியதே கிடையாது. எங்கள் வீட்டு நரி ‘போய்ட்டு இருந்துச்சு’.

நம் பிள்ளைகளுக்கு எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது, வீட்டில் யாரும் பேசாத ஒரு தமிழும் பழக வேண்டும். போதாக்குறைக்கு, ‘பல்’லில் ஒரு மாதிரி ஒலிக்கிற ப, ‘பஸ்’ஸில் வேறு மாதிரி ஒலிக்கிறது. சொல் ஏற்கெனவே காதில் விழுந்திருந்தால்தான் நாக்கு சரியான ஒலியைப் பிடிக்கும். உங்கள் மகன் சோம்பேறி இல்லை. மூச்சு வாங்குகிறான், அவ்வளவுதான்.

அதனால் கொஞ்ச நாள் அவனைப் படிக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் படித்துக் காட்டுங்கள். ராத்திரி படுக்கும்போது பத்து நிமிடம் போதும். அச்சில் இருக்கிறபடியே வாசியுங்கள். புரியாமல் விழித்தால் மட்டும் வீட்டுத் தமிழில் ஒரு முறை சொல்லிவிட்டு மேலே போங்கள். முடிந்ததும் ‘இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாமெல்லாம் சினிமா பார்த்துவிட்டு வந்து கருத்தா எழுதுகிறோம்?

அதே புத்தகத்தை இருபதாவது முறையும் கேட்பான். உங்களுக்குத்தான் அலுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வாசியுங்கள். அது மனப்பாடமானதும் ஒரு வேலை செய்யுங்கள்: வேண்டுமென்றே ஒரு வரியை விட்டுவிடுங்கள். ‘அம்மா, இங்க காக்கா வரணும்’ என்று அந்த வரியில் விரலை வைப்பான். ‘எங்கேடா, காட்டு’ என்று அப்பாவியாகக் கேளுங்கள். அந்த வரியை அவனே வாசித்துக் காட்டுவான், யாரும் சொல்லாமலேயே.

நீங்கள் வாங்கிய புத்தகங்களில் பக்கத்துக்கு எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நாம் நமக்குப் பிடித்ததை, அதுவும் நீதி போதிப்பதாகப் பார்த்து வாங்கிவிடுகிறோம். அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெயரே போதும், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. உங்கள் மகன் இப்போது ‘நுழை’யில் நிற்கிறான், நீங்கள் ‘ஓடு’ என்கிறீர்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் படங்களோடு, நிலை வாரியாக, இலவசமாகவே கிடைக்கின்றன. பிடித்ததை அச்செடுத்து நூலால் தைத்துக் கொடுங்கள். படக்கதை கேட்டால் அதையும் மறுக்காதீர்கள். இதெல்லாம் ஒரு படிப்பா என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

புத்தகம்தான் வேண்டும் என்றும் இல்லை. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது ‘நம்ம பஸ் எது, நீயே பார்த்துச் சொல்’ என்று விட்டுவிடுங்கள். நத்தம், பழனி எல்லாம் சுலபம். வத்தலக்குண்டு என்ற பலகையை ஒரு பையன் முதன்முதலாகத் தானே கூட்டி வாசிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். புத்தகம் கிழிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர், பூட்டுக்குக் காரணம் அந்தப் பயம்தான். ஆனால் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவதே ‘நூல்கள் பயன்படுத்துவதற்கே’ என்பது. வகுப்பின் மூலையில் ஒரு கயிறு கட்டி இருபது புத்தகங்களைத் தொங்கவிட்டால் போதும். கிழிந்ததை ஒட்டுவதற்கு மாதம் ஒரு நாள் நாங்கள் வருகிறோம் என்று இரண்டு மூன்று அம்மாக்கள் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். சுருக்கி எழுதுவதற்குப் பதிலாக, பிடித்த ஒரு காட்சியை வரையவோ நண்பனிடம் சொல்லவோ விடலாமா என்றும் கேளுங்கள்.

அடுத்த முறை எண்ணூறு ரூபாய் செலவழிப்பதற்கு முன் உங்கள் சொத்து வரி ரசீதைப் பாருங்கள். நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்து பைசா வாங்குகிறார்கள். பணம் கட்டியாகிவிட்டது, போய் அனுபவியுங்கள். கிளை நூலகத்தில் அவன் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுங்கள். எந்தப் புத்தகம் என்பதை அவன் முடிவு செய்யட்டும். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளட்டும், காசா பணமா?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கண் பரிசோதனை செய்தீர்களா? கரும்பலகை தெரிகிறதா, தலைவலி என்கிறானா என்று கேளுங்கள். சில மாதம் இப்படியெல்லாம் செய்த பிறகும் பழகிய சொற்களையே கூட்ட முடியாமல் திணறினால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டித் தீர்க்கக்கூடிய விஷயம் அல்ல அது.

உங்கள் கணவரை இதிலிருந்து கழற்றிவிடாதீர்கள். கதை சொல்லவெல்லாம் எனக்கு வராது என்பார். சரி, கதை வேண்டாம். காலையில் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை எடுத்து, யார் எத்தனை ரன் என்று மகனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். அந்தப் பத்து நிமிடம் அவருடைய போனும் மேசையில் இருக்கட்டும்.