மாறுகண் ஆபரேஷன் ‘தோற்றது’ என்று எதைச் சொல்கிறார்கள்?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. இரண்டு வருடமாக அவளுடைய இடது கண் அவ்வப்போது வெளிப்பக்கம் விலகிப்போகிறது. தூக்கம் வரும்போதும் காய்ச்சல் சமயத்திலும் அதிகம். வெயிலில் அந்தக் கண்ணை மூடிக்கொள்வாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நேராகிவிடுகிறது. ஒரு மருத்துவர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் ஆறு மாதம் பார்க்கலாம் என்கிறார். இந்த ஆபரேஷன் பாதிப் பேருக்குத் தோற்றுவிடுகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றைப் பற்றிப் படித்துப் பயந்துவிட்டேன். மாமியாரோ, “மாறுகண் அதிர்ஷ்டம், தொடாதே” என்கிறார். என் தம்பிக்கும் சிறு வயதிலிருந்தே மாறுகண். இப்போது 27 வயது. அவனுக்கு இனி ஏதாவது செய்ய முடியுமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: அதிர்ஷ்டக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மாமியார் “தொடாதே” என்பதில், காரணம் தப்பென்றாலும், இப்போதைக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இது விட்டுவிட்டு வெளிப்பக்கம் விலகும் மாறுகண். கூப்பிட்டதும் நேராகிறதே, அது நல்ல செய்தி. இரண்டு கண்களையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அவள் மூளையில் இருக்கிறது. எந்நேரமும் உள்பக்கம் திரும்பியிருக்கும் கண்ணுக்கு வருகிற மாதிரி ‘சோம்பேறிக் கண்’, அதாவது மூளை ஒதுக்கிவைப்பதால் பார்வை மங்கிப்போவது, இவர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை.

நீங்கள் படித்த ஆராய்ச்சி, அனேகமாக அமெரிக்காவின் ‘பெடிக்’ என்ற குழந்தைகள் கண்நோய் ஆய்வுக் குழு 2019-ல் வெளியிட்டதாக இருக்கும். 3 முதல் 10 வயதுவரை உள்ள 197 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு கண்களிலும் வெளிப்பக்கத் தசையைப் பின்தள்ளித் தைத்தார்கள். மற்றதற்கு ஒரே கண்ணில் வெளித்தசையைப் பின்தள்ளி, உள்தசையைக் குறுக்கித் தைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் 46 சதவீதமும் இரண்டாவதில் 37 சதவீதமும் ‘திருப்தியற்ற முடிவு’ என்று கணக்கானது. எந்த முறை மேல் என்று தீர்மானமாகச் சொல்லும் அளவுக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை.

உங்களைப் பயமுறுத்திய ‘பாதிப் பேர்’ இந்த 46-தான். அதை எப்படி எண்ணினார்கள் என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, என்ன ஆபரேஷன் நடந்தது என்று தெரியாத ஒருவர் குழந்தையைச் சோதிப்பார். அந்தச் சோதனைகளில் ஏதாவது ஒன்றில் கண் வெளிப்பக்கம் 10 பிரிசம் டயாப்டர் விலகினாலே போதும், அந்தக் குழந்தை தோல்விக் கணக்கில் சேர்ந்துவிடும். 10 பிரிசம் டயாப்டர் என்பது, ஒரு மீட்டர் தொலைவில் 10 செ.மீ. தள்ளிப் பார்ப்பது மாதிரி. கண் உள்பக்கமாக நிலைத்து நின்றுவிட்டாலும், பொருளின் ஆழத்தை உணரும் பார்வை குறிப்பிட்ட அளவு குறைந்தாலும் அதே கணக்குதான். ஆனால் இது வந்து வந்து போகிற நோய். காலையில் நேராக நிற்கும் கண் அன்று மாலையே விலகும். ஆய்வாளர்கள் இவ்வளவு கறாராக இருந்தது சரிதான். இரண்டு முறைகளை ஒப்பிட வேண்டுமென்றால் அளவுகோல் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் கேட்கும் கேள்வி வேறு அல்லவா? அந்த மூன்று ஆண்டுகளில் மறுபடி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதல் பிரிவில் சுமார் 10 சதவீதம், இரண்டாவதில் 5 சதவீதம்தான்.

இதே குழு, ஆபரேஷன் செய்யாமல் வெறுமனே கவனித்துவந்த 183 குழந்தைகளையும் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. நிலைமை மோசமானதாகக் கணக்கிடப்பட்டது சுமார் 15 சதவீதம்தான். ஆகவே, காத்திருக்கலாம் என்ற மருத்துவரை அலட்சியக்காரர் என்று நினைக்க வேண்டாம். ஆபரேஷன் என்றவரும் தவறாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் பார்த்த அன்று கண் நிறைய நேரம் விலகியிருந்திருக்கலாம். நானாக இருந்தால், ஆழம் உணரும் பார்வை நன்றாக இருந்து, கண் பெரும்பாலும் நேராக இருக்கும்வரை கத்தியை எடுக்க மாட்டேன்.

வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். வாரத்தில் ஒருநாள், சாயங்காலம் அவள் களைத்திருக்கும்போது, எத்தனை தடவை விலகுகிறது, தானாகத் திரும்புகிறதா, கண்ணைச் சிமிட்டினால்தான் திரும்புகிறதா என்று எழுதிவையுங்கள். செல்போனில் படமும் எடுங்கள். மருத்துவரின் அறையில் பத்து நிமிடம் பார்ப்பதைவிட அது எங்களுக்கு அதிகம் சொல்லும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணாடி பவர் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். விலகல் நாள் முழுக்க நீடித்தாலோ, திடீரென இரட்டையாகத் தெரிகிறது என்றாலோ சீக்கிரம் காட்டுங்கள். படங்களில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். அது வேறு விஷயம், சில சமயம் விழித்திரைப் புற்றுநோயாகக்கூட இருக்கும்.

பின்னால் ஆபரேஷன் தேவைப்பட்டாலும், கண்ணை வெளியே எடுத்து வைத்துச் செய்வார்கள் என்ற பேச்சை நம்பாதீர்கள். விழியின் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் தசையில்தான் வேலை. முதல் சில நாட்கள் கண் சற்று உள்பக்கம் திரும்பி, இரட்டையாகத் தெரியக்கூடும். பல சமயம் நாங்களே வேண்டுமென்று அப்படி வைப்பதுதான். பிறகு வெளிப்பக்கம் நகரும் என்பது தெரியும்.

உங்கள் தம்பிக்கு 27 வயது ஒரு தடையே இல்லை. கண்ணை நேராக்கலாம். சிறு வயதிலேயே மங்கிப்போன பார்வை இருந்தால் மட்டும் அது ஆபரேஷனால் திரும்பாது. பெரியவர்களுக்கு ‘வெற்றி’யை டயாப்டரில் மட்டும் அளந்தால் போதாது என்று 2009-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். அதில் பாதி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சமா என்கிற ரகம். பேச வரும்போது தம்பி இதையும் மறைக்காமல் சொல்லட்டும். ஆபரேஷனுக்கு முன் கண்ணெதிரே பிரிசம் என்ற, ஒளியை வளைக்கும் கண்ணாடியை வைத்து, நேரானபின் இரட்டையாகத் தெரியுமா என்று ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள்.